பொட்டு வைத்த பியானோ

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான் பெற்றது நான்கு. ஐந்தாவது என் வீட்டுக்காரரின் கடைசித் தம்பி. நான் கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு ஆறு வயது. ஐந்து பேருக்கும் சோறு போட்டது தையல் மெஷின்தான். முதலில் பம்மலில் ஒரு தோல் பட்டறையில் கையுறைக்கு உள்துணி தைத்தேன். பிறகு வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை, பாவாடை, பள்ளிக்கூட யூனிபார்ம் என்று தைத்தேன். இப்போது சேலையூரில் பெரிய மகன் வீட்டில் இருக்கிறேன். மெஷினும் என்னோடு வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு வா என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அதற்காக எனக்குப் படிக்கத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊரைப் படிப்பேன். ஆலயத்தில் பாட்டுப் புத்தகம் படிப்பேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அவ்வளவுதான். அதுவும் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம் என்பதால், பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பாடுவேன். பார்ப்பவர்கள் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் பியானோ கற்றுக்கொண்ட கதைதான் இது. யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கற்றுக்கொண்டேன். ஒரே ஒரு பாட்டு. ஆனால் முழுப் பாட்டு.

எங்கள் ஆலயத்தில் மாதர் சங்கம் புதன்கிழமை தோறும் மூன்று மணிக்குக் கூடும். ஆலயத்தை ஒட்டி ஒரு சின்ன ஹால் உண்டு. அதன் ஒரு மூலையில் ஒரு பழைய பியானோ நிற்கிறது. வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போனது. வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து உள்ளே கம்பிகளை முடுக்கிச் சுருதி சேர்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அதன் தலையில் டீ ஃபிளாஸ்க்கும் சமோசாத் தட்டும் இருக்கும். எங்களுக்குப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு போனில் இசையைப் போட்டு, ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்துப் பாடத் தொடங்கினோம்.

இந்தப் போன் ஏற்பாடு சங்கத்துச் செயலாளருடையது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. என்னைவிட ஐந்து வயது சின்னவர், ஆனாலும் எல்லோரையும் போல நானும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை அக்கா என்பார். நல்ல மனுஷி. ஆனால் எதிரே இருப்பவர்கள் எல்லோரும் இன்னும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் என்ற நினைப்பு அவருக்கு மாறவில்லை.

ஒரு புதன்கிழமை, இரண்டாவது சரணம் முடிந்து எல்லோரும் உருகிப் பாடிக்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல் வந்தது. "தாம்பரத்திலிருந்து பத்தே நிமிடத்தில்! அழகிய வீட்டு மனைகள்!" என்றது. பாஸ்டரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டீச்சர் போனைத் தட்டு தட்டு என்று தட்டினார். அது மனையைப் பற்றி முழுவதும் சொல்லிவிட்டுத்தான் நின்றது.

"அங்க ஒரு பியானோ சும்மா கெடக்குது. இங்க நாம ப்ளாட் விளம்பரத்துக்குக் கோரஸ் பாடினு இருக்கோம்" என்றேன் நான்.

"வாசிக்க ஆள் வேணுமே அக்கா" என்றார் டீச்சர்.

"நான் வாசிக்கிறேன்."

வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது. எனக்குப் பியானோவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதைத் துடைக்கத் தெரியும் என்பதுதான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பியானோன்னா நோட்டு படிக்கணும். நீங்க பாட்டுப் புக்கையே எழுத்துக் கூட்டித்தான படிக்கிறீங்க?"

நான் கண்ணை மூடிப் பாடுவது பக்தி இல்லை என்று அவருக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது! முகம் சுட்டது. ஐந்து பேரை வளர்த்தவளுக்கு முகம் சுடக் கூடாது என்று ஒன்றும் இல்லையே.

"நம்ம சங்கத்து ஆண்டு விழாவுக்கு இன்னும் மூணு மாசம் இருக்குது. அன்னிக்கு நன்றிப் பாட்டு நான்தான் வாசிப்பேன். இதே பியானோவுல" என்றேன்.

"சரிக்கா. எழுதி வெச்சுக்கவா?" என்றார் டீச்சர்.

"எழுதிக்கோங்க. பெருசா எழுதிக்கோங்க."

எழுதியும் வைத்துக்கொண்டார். ஆண்டு விழாத் தாளில், கரண்டியில் எலுமிச்சம்பழம் ஓட்டத்துக்கு மேலே, என் பெயர்.

வீட்டுக்கு வந்ததும் பேத்தியின் கீபோர்டைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன். பியானோவைப் போலவே கட்டைகள் உள்ள, கரண்டில் ஓடும் பெட்டி. அவள் நான்காம் வகுப்பில் ஆறு மாதம் வகுப்புக்குப் போய்விட்டு மூட்டை கட்டியது. நடுவில் ஆலயத்து இளைஞர்கள் கிறிஸ்துமஸ் பாட்டுப் பவனிக்கு வாங்கிப் போய்த் திருப்பித் தந்தார்கள்.

"ஆயா, உனக்கு எதுக்கு இது?"

"வாசிக்கறதுக்கு."

"நீயா? ஆயா, சீரியஸா?"

"உன்ன மாதிரி ஆறு மாசத்துல மூட்ட கட்ட மாட்டேன். எறக்கு."

இதை எழுதும்போது முகத்தைச் சுளிக்கிறாள். எழுது, எழுது.

கீபோர்டை வைக்க வீட்டில் இடமில்லை. தையல் மெஷினின் தலையை உள்ளே மடக்கி, மூடியைப் போட்டு, அதன் மேல் வைத்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. ஸ்டூலில் உட்கார்ந்ததும் இரண்டு காலும் தாமாகப் போய் மெஷின் மிதியில் நின்றுகொண்டன. பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். கால் ஆடும், எதுவும் ஓடாது. அந்த ஆட்டம் எனக்குத் தாளத்துக்கு ஆயிற்று. என் கால் ஐம்பது வருடமாக ஒரே வேகத்தில் மிதித்த கால்.

வாத்தியார் போனில் இருந்தார். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை, இரண்டு கை மட்டும் தெரியும். "ஹாய் ஃபிரெண்ட்ஸ்" என்று தொடங்கி, ரயிலைப் பிடிக்கப் போகிறவர்போலப் பேசுவார். பேத்தி அந்த வீடியோவை மெதுவாக ஓடச் செய்யும் வழியைக் காட்டினாள். அப்போது கை மெதுவாகப் போகும், ஆனால் பேச்சு நன்றாகக் குடித்துவிட்டுப் பேசுவதுபோல இழுக்கும். "ஹா...ய் ஃபிரெ...ண்ட்ஸ்." மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு அத்த வந்திருக்கறது?" என்று கேட்டாள். பிறகு சத்தத்தை அடைத்துவிட்டுக் கையை மட்டும் பார்த்தேன்.

அவர் காட்டியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான். வெள்ளைக் கட்டைகள் வரிசையாக இருக்கின்றன. கறுப்புக் கட்டைகள் இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் மேலே நிற்கின்றன. இரட்டைக் கறுப்புக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைதான் தொடக்கம். அங்கிருந்து ஏழு வெள்ளை. எட்டாவது திரும்பவும் முதலாவதுதான், கொஞ்சம் உயரத்தில். கறுப்பு எதற்கு என்று அவர் சொல்லியிருப்பார், எனக்குப் பிடிபடவில்லை. ஏழு போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் எந்த வெள்ளை எது என்று எப்படி நினைவு வைப்பது? எல்லாம் ஒரே முகம். துணியில் கோடு போடும் சாக்கட்டியால் குறி போட்டேன். நாலு தடவை வாசித்தால் குறி விரலுக்கு வந்துவிடும். பிறகுதான் அந்த யோசனை வந்தது. கேம்ப் ரோட்டில் உள்ள ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன்.

"ஸ்டிக்கர் பொட்டு குடும்மா. ஏழு கலர்ல. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு அட்ட."

கடைக்காரப் பெண்ணுக்கு என்னை நன்றாகத் தெரியும். கொக்கியும் நூலும் அவளிடம்தான் வாங்குவேன். "பாட்டி, நீங்க சர்ச்சுல்ல? பொட்டு வெக்க மாட்டீங்களே?"

"எனக்கில்ல. பெட்டிக்கு."

அவள் என்ன புரிந்துகொண்டாளோ தெரியாது. எனக்குப் பின்னால் எங்கள் சங்கத்துப் பெண் ஒருத்தி பேரனுக்கு ஸ்கெட்ச் பேனா வாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். அடுத்த புதன்கிழமை டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, பொட்டு வாங்கினீங்களாமே? வீட்ல ஏதாவது பிரச்சனையா? ஜெபத்துல வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். வெச்சுக்கோங்க, எல்லா ஜெபமும் வேண்டியிருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

ஏழு கட்டைக்கு ஏழு நிறம். சிவப்பு, பச்சை, நீலம், ரோஸ், மெரூன், கறுப்பு, மஞ்சள். மறுபடி சிவப்பு. எங்கே தொட்டாலும் எது என்று தெரிந்தது. இனி பாட்டை எழுதி வைக்க வேண்டும். பேத்தி ஒரு தாளில் நோட்டு என்று அச்செடுத்துக் கொண்டுவந்தாள். ஐந்து கோட்டில் எறும்பு ஏறிப் போவதுபோல இருந்தது. அதைப் படிக்க எனக்கு இன்னொரு ஆயுசு வேண்டும்.

எனக்குத் தெரிந்த எழுத்து ஒன்று இருக்கிறதே, அதில் எழுதினேன். வெள்ளைப் பாப்ளின் துணியில் நான்கு விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு பட்டை வெட்டினேன். பொட்டின் நிறத்திலேயே ஏழு நூல் எடுத்தேன். சிவப்புக் கட்டைக்குச் சிவப்புத் தையல், நீலத்துக்கு நீலம். குரல் நீண்டு நிற்கிற இடத்தில் தையல் நீளம். சட்டென்று போகிற இடத்தில் குட்டித் தையல். மூச்சு விடுகிற இடத்தில் துணி வெறுமையாக இருக்கும். பாட்டின் நான்கு வரிக்கு நான்கு வரிசை. பாடிப் பாடிக் கட்டையைத் தேடிக் கண்டுபிடித்து, கண்டுபிடித்ததைத் தைத்து வைப்பேன். தப்பாகப் போனால் பிரிப்பேன். மூன்றாம் வரியை மட்டும் ஒன்பது தடவை பிரித்தேன்.

இரண்டு மாதத்தில் பாட்டு வந்துவிட்டது. வலது கை முழுவதும் வாசிக்கும். இடது கை சும்மா இருந்தால் நன்றாக இல்லை என்று, ஒவ்வொரு வரி முடிவிலும் கீழே ஒரு சிவப்பைத் தொட்டு வைக்கும். மருமகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கூடப் பாடினாள். பேத்தி தன் சிநேகிதிகளுக்குக் காட்ட வீடியோ எடுத்தாள். நான் சேலை மாற்றிக்கொண்ட பிறகுதான் எடுக்க விட்டேன்.

சங்கத்தில் வாயே திறக்கவில்லை. "எப்படிக்கா போகுது?" என்று டீச்சர் கேட்பார். "போவுது" என்பேன். "உங்க பேத்தி கீபோர்டுல பட்டன அமுக்குனா அதுவே வாசிக்குமாமே?" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும், சொன்னது சொன்னதுதான். ஹாலில் போய்ப் பழகலாமே என்று பாஸ்டரம்மா சாவியைக் கூட நீட்டினார். வேண்டாம் என்றுவிட்டேன். தட்டுத் தடுமாறுவதை யாரும் பார்க்கக் கூடாது, வந்து உட்கார்ந்தால் வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். கர்வம்தான், மறுக்கவில்லை.

ஆண்டு விழாவுக்கு முந்தைய புதன்கிழமை ஒத்திகை. ஃபிளாஸ்க்கையும் தட்டையும் இறக்கிவிட்டுப் பியானோவின் மூடியைத் திறந்தேன். இரட்டைக் கறுப்பைத் தேடி, அதன் இடப்பக்கம் சிவப்பிலிருந்து தொடங்கிப் பொட்டுகளை ஒட்டினேன்.

"அக்கா! சர்ச் பியானோவுக்குப் பொட்டு வெக்கறீங்களா?" டீச்சரின் குரல் உயர்ந்தது.

"வெக்கட்டும் டீச்சர், அழகாத்தான் இருக்குது" என்றார் பாஸ்டரம்மா.

துணிப் பட்டையைத் தாள் வைக்கும் பலகையில் விரித்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதல் கட்டையைத் தொட்டதும் உடம்பே சிலிர்த்தது. கீபோர்டில் சத்தம் முன்னால் ஒரு ஓட்டையிலிருந்து வரும். இதில் மரம் முழுவதும் பேசியது. முழங்கையில், நெஞ்சில், ஸ்டூலில் எல்லாம் அதிர்ந்தது. வழக்கத்தைவிட உயரமாகக் கேட்கிறதே என்று ஒரு நொடி நினைத்தேன். பெரிய பெட்டி, அப்படித்தான் இருக்கும் என்று தொடர்ந்துவிட்டேன்.

இருபது பெண்கள் என்னோடு பாடத் தொடங்கினார்கள். முதல் வரியிலேயே கழுத்து நீண்டது. மூன்றாம் வரியில் பாட்டு மேலே ஏறும். அங்கே போனபோது ஒருத்தி இருமினாள், ஒருத்தி நிறுத்திவிட்டாள், மற்றவர்கள் பூனை வாலை மிதித்ததுபோலக் கத்தினார்கள். அது போதாதென்று பியானோ வேறு உள்ளே முழங்கத் தொடங்கிற்று. ஒரு சத்தத்தின் மேல் இன்னொரு சத்தம் விழுந்து, எல்லாம் கலந்து, யாரோ கிணற்றுக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல இருந்தது.

"அக்கா, கால்! கால எடுங்க!" என்று பாஸ்டரம்மா ஓடிவந்தார்.

குனிந்து பார்த்தேன். பியானோவுக்கும் கீழே மிதி இருக்கிறது. அதை மிதித்தால் சத்தம் அடங்காமல் நீளுமாம். என் இரண்டு காலும் அதன் மேல் நின்று ஜாக்கெட் தைப்பதுபோல மிதித்துக்கொண்டிருந்தன.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அவர் வந்து தோளில் கை வைத்து, "பரவால்லக்கா. இந்த வயசுல இவ்வளவு பண்ணதே பெருசு. ஞாயித்துக்கெழம போன்லயே போட்டுக்கலாம்" என்றார்.

"அந்த ப்ளாட்டோடயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தாள்ல எம் பேரு இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்குதுக்கா."

"இருக்கட்டும். அடிக்காதீங்க."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பேத்தியிடம் சொன்னேன், அந்தப் பியானோவில் ஏதோ கோளாறு என்று. அவள் கீபோர்டின் முன் உட்கார்ந்தாள். ஒரு பட்டனை அமுக்கினாள். சின்னக் கண்ணாடியில் ஒரு எண் வந்தது. அதற்கு முன்னால் ஒரு கோடு.

"ஆயா! மைனஸ் அஞ்சு!"

"இன்னாடி அது?"

விளக்கினாள். பாடுகிறவர்களின் தொண்டைக்கு ஏற்றபடி மொத்தப் பெட்டியையும் கீழே இறக்கவோ மேலே ஏற்றவோ ஒரு பட்டன் இருக்கிறதாம். கையை மாற்றாமலே சுருதி மாறிவிடும். பவனிக்கு வாங்கிப் போன இளைஞர்கள் ஐந்து படி இறக்கி வைத்து வாசித்துவிட்டு, அப்படியே திருப்பித் தந்திருக்கிறார்கள். பியானோவில் ஏது பட்டன்? அது தன் சொந்தக் குரலில் பேசியிருக்கிறது. மூன்று மாதமாக நான் கேட்டதுதான் இறக்கி வைத்த குரல்.

"ஒண்ணும் பிராப்ளம் இல்ல ஆயா. அப்பா கார்ல கீபோர்டையே எடுத்துனு போயிடலாம். மைனஸ் அஞ்சுலயே வாசிச்சிடு."

செய்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இதே பியானோவில் என்று சொன்னது நான். பட்டனை அமுக்கினால் அதுவே வாசிக்கும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அதோடு, அந்த மரம் நெஞ்சில் அதிர்ந்ததை நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். இனி எப்படி இந்த ஓட்டைக்குத் திரும்புவது?

"பட்டன சரி பண்ணு. பியானோ மாதிரியே ஆக்கு" என்றேன்.

சுழியம் என்று வைத்தாள். என் பழைய சிவப்பின் குரலை வாயில் பிடித்து வைத்துக்கொண்டு, கட்டை கட்டையாக இடப்பக்கம் தேடினேன். ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை. மூன்றாவது கட்டையில் அதே குரல் இருந்தது. அவ்வளவுதானா! ரவிக்கையை ஒரு சைஸ் மாற்றுவதுபோல, கட்டிங் அதேதான், அளவு மட்டும் வேறு. எல்லாப் பொட்டையும் உரித்து, மூன்று கட்டை இடப்பக்கம் தள்ளி ஒட்டினேன். துணியில் ஒரு தையல்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. சிவப்பு இன்னமும் சிவப்புதான், நீலம் நீலம்தான்.

வாசித்தேன். முதல் வரி சரி. இரண்டாம் வரி சரி. மூன்றாம் வரியில் மஞ்சள் வந்த இடத்தில் பல்லில் கல் கடித்தது. திரும்ப வாசித்தேன். திரும்பவும் கல். மற்ற ஆறும் சரியாக இருக்கின்றன, மஞ்சள் மட்டும் தொய்ந்து கிடக்கிறது. அடுத்த வெள்ளையைத் தொட்டுப் பார்த்தேன். அது அதிகம். இது குறைவு. எனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில்.

நடுவில் ஒரு கறுப்புக் கட்டை நின்றுகொண்டிருந்தது.

மூன்று மாதமாக நான் தொடாமல் விட்ட கறுப்பு. சும்மா அழகுக்கு நிற்கிறது என்று நினைத்திருந்தேன். ஒரு விரலால் தொட்டேன். என் பாட்டின் குரல் வந்தது, ஒரு நூல் ஏறாமல், ஒரு நூல் இறங்காமல். மஞ்சள் பொட்டை உரித்து அதன் மேல் ஒட்டினேன். கறுப்பில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில் மருமகள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

பொட்டு மாறியது எனக்குத் தெரியும், விரலுக்குத் தெரிய வேண்டுமே. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் மெஷின் முன்னால்தான் இருந்தேன். மிதியில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்து மூடிவிட்டு, வலது குதிகாலைத் தரையில் தட்டித் தாளம் போடப் பழகினேன். கால் கேட்கவில்லை, தேடித் தேடிப் போயிற்று. ஐம்பது வருடப் பழக்கத்தை மூன்று நாளில் விடச் சொன்னால் அதுதான் என்ன செய்யும்? சனிக்கிழமை சாயங்காலம் பாஸ்டரம்மாவிடம் போய் நானே சாவி கேட்டேன். அவர் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். ஹாலைத் திறந்து, பொட்டுகளை மாற்றி ஒட்டி, ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். தட்டுத் தடுமாறித்தான் வாசித்தேன். பெருக்க வந்த அம்மாள் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஹால் நிறைந்துவிட்டது. மகன், மருமகள், பேத்தி மூன்று பேரும் முன் வரிசையில். எலுமிச்சம்பழ ஓட்டத்துக்கு முன்னால் டீச்சர் தாளைப் பார்த்து என் பெயரைப் படித்தார். கொஞ்சம் தயங்கித்தான் படித்தார். என் பக்கம் வந்து, "அக்கா, போனும் ரெடியா இருக்குது" என்று காதோடு சொன்னார்.

"அத ஆஃப் பண்ணி வெச்சுடுங்க டீச்சர்" என்றேன்.

செருப்பைக் கழற்றினேன். குதிகாலைத் தரையில் ஊன்றினேன். சிவப்பைத் தொட்டேன். பெண்கள் பாடினார்கள். தொண்டை நோகாமல், தங்கள் சொந்தக் குரலில் பாடினார்கள். மூன்றாம் வரி ஏறியது. மஞ்சள் வந்தது. கறுப்புக் கட்டையில் விரல் போய் உட்கார்ந்தது, கல் இல்லை. முன் வரிசையில் பேத்தி இரண்டு கையையும் மேலே தூக்கியதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

இரண்டாம் சரணத்தில்தான் வந்தது வினை. புழுக்கம் தாங்காமல் யாரோ ஃபேனைக் கூட்டிவிட்டார்கள். என் துணிப் பட்டை தூக்கி எழுந்து, பலகையிலிருந்து வழுக்கிப் பறந்தது. பக்கத்தில் நின்ற டீச்சர் எட்டிப் பிடித்தார். பிடித்து, விரித்து, என் கண்ணுக்கு நேரே இரண்டு கையாலும் நீட்டினார். பார்த்தால் முடிச்சும் நூல் வாலுமாக இருக்கிறது.

விரல் நிற்கவில்லை. வாசித்துக்கொண்டே சொன்னேன். "டீச்சர், அது உள்பக்கம். திருப்புங்க."

திருப்பினார்.

"இப்ப தலகீழ."

திரும்பவும் திருப்பினார். பாடிக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினார்கள். ஆனாலும் பாட்டு நிற்கவில்லை. டீச்சர் அந்தப் பட்டையைக் கடைசிச் சரணம் வரை கை வலிக்கப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி வரியில் இடது கை கீழே சிவப்பைத் தொட்டது. வேண்டுமென்றே, ஒரே ஒரு தடவை, மிதியை மிதித்தேன். மரம் அதிர்ந்து அதிர்ந்து, மெல்ல அடங்கியது.

கை தட்டினார்கள். எங்கள் ஆலயத்தில் பாட்டுக்குக் கை தட்டும் பழக்கம் இல்லை.

எல்லோரும் பிரியாணிக்குப் போன பிறகு நான் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் போகாமல் நின்றார்.

"அக்கா, இத எப்படிப் படிக்கறது?"

"நெறம் பொட்டுக்கு. நீளம் மூச்சுக்கு."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு விரலை நீட்டித் துணியைப் பார்த்தார், பிறகு கட்டையைப் பார்த்தார், பிறகு மறுபடி துணியைப் பார்த்தார். "சிவப்பு... சிவப்பு... பச்ச... இருங்க, இது நீளமா, குட்டையா?" என்று ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் தொட்டார். எழுத்துக் கூட்டுகிறவர்களை எனக்குத் தெரியாதா? நான் சிரிக்கவில்லை. சரி, கொஞ்சம் சிரித்தேன்.

"அவசரமே இல்ல டீச்சர்" என்று சொல்லிப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதல் வரி முடிவதற்குள் பிரியாணி ஆறிவிட்டது.

இப்போது தாளில் என் பெயர் ஒவ்வொரு புதன்கிழமையும் இருக்கிறது. இரண்டாவது பாட்டுக்குத் துணி வெட்டி வைத்திருக்கிறேன். அதில் இரண்டு கறுப்பு வரும்போல் இருக்கிறது.

அவ்வளவுதான், பேனாவை வை. கையை உதறிக்கொள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. மெதுவாக வாசி, அந்த ஹாய் ஃபிரெண்ட்ஸ் ஆள் மாதிரி ஓடாதே. நீ மூட்டை கட்டிய இடத்தை விட்டிருந்தால் அதையும் சேர்த்து வாசி.